அப்பாச் சங்கு

கல்லில் கிடந்த ஜிலேபி மீனைத் திருப்பிப் போடும்போதுதான் தனக்கொடிக்கு உறைத்தது, மத்தியானச் சங்கு இன்னும் ஊதவில்லை, இன்றைக்கு ஊதவும் ஊதாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் உச்சிப்பொழுதில் ஒருதரம் ஊதிப் பார்ப்பார்கள். கூத்தனூத்து அணையில் அதைச் சைரன் என்று சொல்கிறவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தான். அணைக்குக் கீழே கடை போட்டுப் பிழைக்கிறவர்களுக்கெல்லாம் அது சங்கு. ஊதுகிறவன் அவள் புருஷன் ஒச்சப்பன், அக்கரையில் ஷட்டர் ரூமில் வேலை. சங்கு கேட்டதும் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் மகள் யோகஸ்ரீ என்று ஆற்றின் குறுக்கே கிடக்கிற தரைப்பாலத்தைத் தாண்டிப் போவாள், அவன் மேலேயிருந்து படியிறங்கி வருவான், கடைசிப் படியில் மூணு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அவன் மீனில் முள் எடுத்து மகளுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தனக்கு முள்ளோடு மிஞ்சியதைத் தின்பான். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. மலையில் ரெண்டு நாளாக விடாத மழை. நேற்றுச் சாயங்காலம் வேலைக்குப் போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை, சோறு ஆபீஸ் ஜீப்பிலேயே சுற்றுப்பாதையாகப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் திறக்கப்படும், பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ கால்நடைகளை இறக்கவோ வேண்டாம், தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மேடான பகுதிக்குச் செல்லவும் என்று மைக் கட்டிய ஆட்டோ காலையிலிருந்து கத்திக்கொண்டு போகிறது, அதைக் கேட்டுத்தானோ என்னவோ கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக வந்து குவிந்திருக்கிறது. போகாதே என்றால் அங்கேதான் போவார்கள். இவளுக்கென்ன, யாவாரம். ஆனால் இனி ஊதினால் அது சும்மா ஊதிப் பார்க்கிற சங்கு கிடையாது.

“அம்மா, அப்பா இன்னும் கூப்பிடல” என்றாள் யோகு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு. மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், அப்பாவைப் பார்க்கப் போகிற கவுன். “அப்பாவுக்கு இன்னைக்கி வேலை தங்கம், சோறு ஜீப்புல போயிருச்சு.” “ஜீப்பு முள்ளெடுத்துக் குடுக்குமா?” “உங்கப்பனுக்கு எதுக்குடி முள்ளெடுக்கணும், உனக்குத்தான எடுக்கணும்.” “அப்ப எனக்கு யாரு எடுப்பா?” என்று கேட்டதற்கு, கல்லைச் சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள், தனக்கொடியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மசாலா தடவிய கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக் கண் எரிந்து, அந்த எரிச்சலில் ஏதோ ஒன்று மனசில் வந்து நின்று, என்னவென்று பார்ப்பதற்குள் போய்விட்டது. கூப்பிடல. அப்பா இன்னும் கூப்பிடல. இது அவளே கற்றுக்கொடுத்த பேச்சு. யோகு தொட்டிலில் கிடந்த காலம், தலை நின்று ஒரு மாசம் இருக்கும், சங்கு ஊதியதும் பிள்ளை துணி கிழிகிற மாதிரி வீறிட்டு உடம்பு விறைத்து மூச்சு வராமல் உதடு நீலம் பாரித்துவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து, குலுக்கி, முதுகைத் தட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னாள், ஒண்ணுமில்லடா, அப்பாடா, அப்பா கூப்பிடுறாரு, சோறு கொண்டாங்கன்னு கூப்பிடுறாரு, நம்மளைத்தான் கூப்பிடுறாரு. அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். பேச்சு வந்தபோது பிள்ளையே சொல்லிற்று, அப்பாச் சங்கு. ஒச்சப்பனுக்கு அதில் அத்தனை பெருமை, அணையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், எம்மக என் குரலு எட்டூருக்குக் கேக்குதுங்குறா. ஒச்சப்பனின் அக்கா அழகுபேச்சி மதினிகூட, வெறும் சங்குன்னு சொல்லாத தனம், புள்ள காதுல அந்த வார்த்தை விழுகக் கூடாது, அது சாவுக்கு ஊதுறது, அப்பாவைச் சேர்த்தே சொல்லு, நல்லாருக்கு என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அவள் பிறந்த ஊரில் தண்ணீர் என்றால் லாரியில் வருவது. இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கமுடியுமா என்று கல்யாணமான புதிதில் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்தாள். அணை உடைஞ்சா என்ன செய்வீங்க என்று ஒச்சப்பனைக் கேட்டதற்கு, உன்னைய முதுகுல தூக்கிட்டு ஓடுவேன், நீ கனக்குற கனத்துக்கு ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான் என்றான். பிறகு ஒருநாள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான், அணைச் சுவருக்கு நடுவில் ஆள் நடக்கிற மாதிரி ஒரு சுரங்கம், குளுகுளுவென்று, சுவரெல்லாம் வேர்த்திருந்தது, ஓரத்துச் சின்ன வாய்க்காலில் கசிவுத் தண்ணீர் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. ஐயையோ ஒழுகுது என்று அவன் கையைப் பிடித்தாள். கசியாத அணை கிடையாது தனம், எவ்வளவு கசியுது, கூடுதா குறையுதான்னு பாத்துக்கிட்டே இருந்தாப் போதும், பாக்காம விட்டாத்தான் வம்பு. அதுவும் இது பாசனத்துக்குக் கட்டின அணை இல்லை, கீழே இருக்கிற ஊர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் கட்டினது, அதனால் முக்கால்வாசி நாள் வயிறு ஒட்டித்தான் கிடக்கும். வருகிறவர்கள் என்னங்க தண்ணியே இல்ல, இதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம் என்று சலித்துக்கொண்டு மீனைத் தின்றுவிட்டுப் போவார்கள். காலியாக் கிடக்கிறதுதான் அதோட வேலை என்பான் ஒச்சப்பன், எப்ப வந்தாலும் வாங்கிக்கிறதுக்கு இடம் வச்சிருக்கணும்ல. இப்போது இடம் தீர்ந்துவிட்டது. நிமிர்ந்தால் தெரிகிறது, காட்டுத் தண்ணீர், டீ நிறத்தில், மரக்கொப்பும் நுரையும் சுமந்துகொண்டு ஷட்டருக்கு மேல்விளிம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது, சத்தமே இல்லாமல். சத்தம் இல்லாததுதான் என்னவோபோல் இருந்தது. இவள் மனசும் அப்படித்தான், மேலே சிரிப்பாணி, உள்ளே ஒரு நூல் கசிவு. எவ்வளவு கசிகிறது என்று பார்க்க வேண்டும், எங்கேயிருந்து என்று பார்க்க வேண்டும், ஆனால் கல்லில் மீன் கருகும்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் வெங்காயம்” என்றான் ஒரு பையன். அவள் கை நின்றது. இந்தப் பையன் இல்லை, இவன் கண்ணாடி போட்டவன், கழுத்தில் இயர்போன், கூட ரெண்டு கூட்டாளிகள். அது வேறு பையன், போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவனும் இதே இடத்தில் நின்று இதே மாதிரிதான் இன்னும் கொஞ்சம் வெங்காயம் அக்கா என்று இலையை நீட்டினான், இவளும் தின்னுட்டு எந்தப் புள்ளைகிட்டப் பேசப் போற, நாறும்டா என்று கேலி செய்தபடி ஒரு கை அள்ளிப் போட்டாள், அவன் காது சிவந்து சிரித்தான். கீழே குளிக்கிற படித்துறையில் குளிக்காதீர்கள், ஆழம் அதிகம், சுழல் உண்டு என்று போர்டு இருக்கிறது, அதன்மேல்தான் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தான் அவன். அன்றைக்கு வெள்ளம்கூட இல்லை, பார்த்தால் குளம் மாதிரிக் கிடந்தது, மேலே அசையாத தண்ணீர் அடியில் இழுக்கும் என்று வெளியூர்ப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள். செருப்பு ரெண்டும் படியில் ஒழுங்காக, பள்ளிக்கூட வாசலில் விட்ட மாதிரி. அவன் போனதற்கும் வெங்காயத்துக்கும் சம்பந்தம் இல்லை, அவளுக்குத் தெரியும், ஆனாலும் அதற்கப்புறம் வெங்காயம் கேட்கிற பையன்களுக்கெல்லாம் ஒரு கை கூடவே வைக்கிறாள், வைத்துவிட்டு, ஆத்துப் பக்கம் போகாதீங்கடா சாமி என்கிறாள், அவர்கள் சரிக்கா சரிக்கா என்று சொல்லிக்கொண்டே ஆற்றுப் பக்கம்தான் போகிறார்கள். சங்கு ஊதிருச்சு அவனுக்கு என்று அன்றைக்கு யாரோ சொன்னது காதில் விழுந்து, ஒரே வார்த்தை எப்படி இந்தப் பக்கமும் திரும்புகிறது அந்தப் பக்கமும் திரும்புகிறது என்று நினைத்தாள். மறுபடி அந்த எரிச்சல். மறுபடி ஏதோ ஒன்று வந்து நின்றது.

“ஏ தனம், புள்ளையப் புகையில வச்சு வாட்டுறியா? மீனோட சேத்து அதையும் வித்துப்புடுவ போலருக்கு.” அழகுபேச்சி மதினிதான், பூங்காவில் ஊஞ்சல் பக்கம் அவித்த கடலை விற்கிறவள், செல்லில் சார்ஜ் இல்லை என்று இங்கே போட வந்திருந்தாள். “கேக்குற ஆளு இருந்தாக் குடுத்துருவேன் மதினி, வாய்க்கு மட்டும் தனி விலை.” “வாடி மருமகளே, ஊஞ்ச ஆடலாம்.” யோகு வாளியிலிருந்து குதித்தாள், போகும்போது திரும்பி, “அப்பா கூப்பிட்டா நான் வந்துருவேன்” என்றாள். சரிடி என்றாள் தனக்கொடி. சரிடி என்றுதான் சொன்னாள், கை மீனில் இருந்தது, கண்ணாடிப் பையனுக்கு மிச்சம் கொடுக்க வேண்டியிருந்தது. மஞ்சள் கவுன் கூட்டத்துக்குள் போயிற்று. பூங்கா எங்கே இருக்கிறது என்றால், கடை வரிசை முடிந்ததும் தரைப்பாலத்தின் வாய், அதில் ஏறாமல் இதே கரையோடு நேரே போனால் பூங்கா. பாலத்தின் வாயில் காலையிலேயே கயிறு கட்டிவிட்டார்கள், ஒரு போலீஸ்காரரும் நிற்கிறார், யாரும் போக முடியாது. இந்த வெள்ளத்தைப் பற்றிப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள், இன்றைக்கு நிஜச் சங்கு ஊதியதும் கேட்கும், ஏன் போகவில்லை என்று கேட்கும். இன்னைக்கி அது அப்பா இல்ல, மிஷினு என்று சொல்லலாமா. அப்படியென்றால் இத்தனை நாள் மிஷினுக்கா சோறு கொண்டுபோனோம் என்பாள், கேட்பாள், நாலரை வயசுக்கு அந்த வாய். தண்ணி வந்தா அடிச்சுட்டுப் போயிரும் என்று சொன்னால், அப்பா அங்கேதானே இருக்கிறார், அப்பாவை அடித்துக்கொண்டு போகாதா என்று ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாள். அப்பா வையுறாரு என்று சொல்லலாமா, அவர் வைதால் பிள்ளை தாங்குமா, அவர்தான் தாங்குவாரா. பயமும் வரக்கூடாது, புத்தியும் வரவேண்டும், அப்படி ஒரு வார்த்தை எங்கே கிடைக்கும். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துத் தலையைத் தடவிக்கொண்டே சொல்லலாம், முதலில் சங்கு ஊதட்டும், எல்லாரும் மேட்டுக்குப் போவார்கள், நாமும் போவோம், எல்லாரும் மேட்டுக்கு...

அப்போதுதான் அந்த ஏதோ ஒன்று நகராமல் நின்று முகத்தைக் காட்டியது. எல்லாரும் மேட்டுக்குப் போவார்கள், ஒருத்தி மட்டும் பாலத்துக்குப் போவாள். அப்பா கூப்பிட்டா நான் வந்துருவேன். இங்கே வந்துவிடுவேன் என்றா சொன்னாள்? இல்லை, அப்பாவிடம் போய்விடுவேன் என்று சொன்னாள். ஊஞ்சலிலிருந்து பாலம் பக்கம், கடைதான் தூரம். மத்தியானத்திலிருந்து அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை. கயிறு கட்டியிருக்கிறார்கள், ஆமாம், கட்டியிருக்கிறார்கள், பெரிய மனுஷர்களின் இடுப்புக்கு, யோகு குனியக்கூட வேண்டாம். போலீஸ்காரர் போட்டோ எடுக்கிறவர்களை விரட்டுவாரா, நம்ம ஒச்சப்பன் புள்ளை என்று தினமும் பார்க்கிற பிள்ளையைப் பார்ப்பாரா. தனக்கொடி செல்லை எடுத்து மதினிக்குப் போட்டாள், அடுப்புக்குப் பின்னால் சார்ஜில் கிடந்த மதினியின் செல் பக்திப்பாட்டுப் பாடியது. ஒச்சப்பனுக்குப் போடலாம். எடுப்பான், அவள் பேர் தெரிந்தால் எங்கேயிருந்தாலும் எடுப்பான், யோகு பாலத்துக்கு வருவா என்று சொன்னால் அவன் கை அப்படியே நின்றுவிடும். நிற்கிற கையா அது. கீழே ஆற்றோரம் நெடுக ஊர், கரையில் மாடு, வயலில் ஆள், எத்தனை யோகு. அவன் ஊதாமல் நிற்கக் கூடாது, திறக்காமலும் நிற்கக் கூடாது. செல்லை இடுப்பில் செருகினாள். அடுப்பை அணைத்தாள். “அண்ணே, கல்லைப் பாத்துக்கங்க, கருகுனா நீங்கதான் திங்கணும்” என்று நின்றிருந்த ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்கினாள், அவர் நம்ம மீனு என்னாச்சும்மா என்று கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஓடக் கூடாது, ஓடினால் அணைக்காரன் பொண்டாட்டி ஓடுகிறாள் என்று கூட்டமே ஓடும், ஆள் மேல் ஆள் விழும். வேகமாக நடந்தாள். ஐஸ்வண்டி, பலூன்காரன், சோளக்கருது சுடுகிறவன், வண்டிக்கு வண்டி நடுவில் இடுப்பை ஒடுக்கி, என்ன தனம் இம்புட்டு அவசரம் என்றவனுக்கு, ஒண்ணுக்குப் போறேன் வர்றியா என்று வாய் தானாகப் பதில் சொல்லியது, சிரிப்பும் வந்தது, நடையை மட்டும் குறைக்கவில்லை. ஊதாத, இன்னும் கொஞ்ச நேரம் ஊதாத, கும்புடுறேன், ஊதாத. யாரைக் கும்பிடுகிறாள், சாமியையா, அவனையா. பலூன்காரனின் தலைக்கு மேல் பாலத்தின் வாய் தெரிந்தது, கயிறு தெரிந்தது, போலீஸ்காரரின் முதுகு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. முதலில் அடிவயிற்றில், அப்புறம்தான் காதில். கூட்டம் ஓ என்று கத்திக்கொண்டு தண்ணீர் பாய்வதைப் பார்க்க மேலேயுள்ள கம்பிவேலிப் பக்கம் திரும்பியது, அவள் எதிரில் வந்து மோதியது, தோளும் பையும் குழந்தைகளும் செல்போன்களுமாக, யோகூ என்று கத்தினாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, அவள் புருஷனின் குரல் அதை முழுங்கிக்கொண்டிருந்தது. மூணு தரம் ஊத வேண்டும், மூணாவது அடங்கின பிறகுதான் ஷட்டரைத் தூக்க வேண்டும், இது ஒண்ணாவது, இது ஒண்ணாவது. கயிற்றுக்குக் கீழே மஞ்சளாக ஒன்று போயிற்று.

இப்போது ஓடினாள். கயிற்றைத் தாண்டியது தெரியாது, ஏய்யம்மா என்று விசில் கேட்டது, பாலத்துச் சிமிட்டி காலில் ஜில்லென்று ஏறியது, ரெண்டு பக்கமும் ஆறு குட்டை குட்டையாக, ஒரு கொக்கு நின்றிருந்தது, கொக்கே இன்னும் பறக்கவில்லை, அப்படியென்றால் நேரம் இருக்கிறது என்று ஒரு கணம் தைரியம் வந்தது. யோகு கைவீசிக்கொண்டு போனாள், ஓடக்கூட இல்லை, சாப்பாட்டுக்குப் போகிற நடை, அம்மா பின்னால் வருவாள் என்ற நடை, வழக்கமாக வருகிறாளே. பின்னாலிருந்து இடுப்போடு அள்ளியதும் பிள்ளை துள்ளியது. “விடும்மா, அப்பா கூப்பிடுறாரு! விடு, அப்பா கூப்பிடுறாரு!” முதுகில் அடித்தது, காதைப் பிடித்து இழுத்தது, ஒரு செருப்பு எங்கேயோ விழுந்தது. அடி, நல்லா அடி, கனமா இரு, துள்ளு. ரெண்டாவது சங்கு ஊதும்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தாள், போலீஸ்காரர் ஏதோ திட்டினார், பாவம் அவர் முகம் வெளிறிக் கிடந்தது, அவள் நிற்காமல் கரைமேட்டுப் படியில் ஏறினாள். கடலைக் கூடையைப் போட்டுவிட்டு மதினி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள், இப்பத்தான் சில்லறை குடுக்கத் திரும்புனேன், இப்பத்தான் தனம் என்று. யோகு வீறிட்டு அழுதாள், பயத்தில் இல்லை, கோபத்தில். “அப்பா காத்துக்கிட்டு இருக்காருல்ல! நீ பொய்யி! அவரு கூப்பிடுறாருல்ல!” மத்தியானம் முழுக்கத் தேடிய வார்த்தை எதுவும் தனக்கொடியிடம் இல்லை, மூச்சு மட்டும்தான் இருந்தது, அந்த மூச்சுக்குள் வந்ததைச் சொன்னாள்.

“ஆமாடி. அப்பாதான் கூப்பிடுறாரு.” பிள்ளை அழுகையை நிறுத்தி அவள் வாயைப் பார்த்தது. “ஒருதரம் கூப்பிட்டா சோத்துக்கு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டா, மேல ஏறுங்கன்னு. எல்லாரும் மேல ஏறுங்கடான்னு கத்துறாரு பாரு. தொண்டை கிழியக் கத்துறாரு.” யோகு கேட்டாள். ரெண்டாவது சங்கு இழுத்து இழுத்து அடங்கிக்கொண்டிருந்தது, தலையைச் சாய்த்து அதைக் கடைசி வரைக்கும் கேட்டாள், தன்னிடம் சொல்கிறதை வாங்கிக்கொள்கிற மாதிரி. பிறகு தாயின் தோளுக்கு மேல் எட்டிப் படித்துறையைப் பார்த்தாள். அங்கே கண்ணாடிப் பையனும் கூட்டாளிகளும் விசில் சத்தத்துக்கு நகராமல், தண்ணீர் வருவதைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுப்பதற்குக் கடைசிப் படியில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஏ!” என்று கத்தினாள் யோகு. “அப்பா கூப்பிடுறாருல்ல! மேல வாங்க!” பையன்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். “யாரு பாப்பா உங்கப்பா?” “சங்கு!” “என்னது?” “சங்கு எங்கப்பா! மேல வாங்கங்குறாரு, காது கேக்கல? அடிப்பாரு!” அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு படி ஏறினார்கள், விளையாட்டுக்குத்தான், அவள் இன்னும் இன்னும் என்று கையை ஆட்ட ஆட்ட ஒவ்வொரு படியாக ஏறினார்கள், மூணாவது சங்கு வந்து அவர்கள் சிரிப்பை மூடியபோது கண்ணாடிப் பையன் திரும்பி அணையைப் பார்த்தான், பார்த்துவிட்டு ரெண்டு ரெண்டு படியாகத் தாவி வந்தான், மற்ற ரெண்டு பேரும் அவன் பின்னால்.

சங்கு அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அக்கரையில் ஒச்சப்பன் ஷட்டர் சுவிட்சில் கை வைத்திருப்பான் என்று நினைத்தாள், அவனுக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி வந்து சோறு தின்னும்போது சொல்லலாம், கை கழுவினபிறகு சொல்லலாம், அவன் பயப்படாதபடி சொல்ல வேண்டும். பிறகு ஷட்டர்கள் கிறீச்சிட்டு உயர்ந்தன, பழுப்பாக ஒரு சுவர் சாய்ந்து வந்தது, காற்று முதலில் வந்து முகத்தில் அடித்தது, மண்வாசனையோடு சாரல் வந்தது, பாலம் இருந்த இடம் தெரியவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது. தனக்கொடி அப்படியே படியில் உட்கார்ந்தாள், பிள்ளை மடியில் சரிந்தது, அதன் தலையில் மீன் மசாலா வாசனை, கடலை வாசனை. யோகு மடியிலிருந்து இறங்கி, ஒற்றைச் செருப்போடு நின்று, தாயின் கையை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிம்மா. இங்கயே உக்காந்தா எப்பிடி. இன்னும் மேல ஏறச் சொல்றாருல்ல.”